மருமகளின் ஊரில் ஒரு துண்டுக் காணி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை செய்தபோது இந்தோனேசியப் பெண் ஒருவரை மணந்தார். இப்போது இருவரும் இரண்டு பிள்ளைகளுடன் கிழக்கு ஜாவாவில் தூபான் மாவட்டத்திலுள்ள மருமகளின் கிராமத்தில் வசிக்கிறார்கள். எங்கள் முதுசொக் காணியில் ஆறு பரப்பை விற்று, அந்த ஊரில் மகனுக்கு ஒரு வளவு வாங்கிக் கொடுக்க விரும்புகிறேன். வெளிநாட்டவர் பெயரில் எழுத முடியாது என்பதால், ஊரவர் ஒருவரின் பெயரில் உறுதியை முடித்து, காணி உண்மையில் மகனுடையது என்று வேறாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று அங்குள்ள தரகர் சொல்கிறார். அடுத்த மாதம் இங்கே விற்பனை முடிகிறது. இதைச் செய்யலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கரவெட்டி

பதில்: செய்ய வேண்டாம். விற்பனைக்கு நாள் குறித்துவிட்டதாக எழுதியிருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தோனேசியாவின் காணி உரிமைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படையானது 1960 செப்டெம்பர் 24ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அடிப்படைக் காணிச் சட்டம். நாம் அறுதி உரிமை என்று சொல்வதை அங்கே 'ஹாக் மிலிக்' என்பார்கள். அந்த உரிமையை இந்தோனேசியக் குடிமக்கள் மட்டுமே வைத்திருக்கலாம் என்று அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறுகிறது. 26ஆம் பிரிவு இன்னும் கடுமையானது: நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு அந்த உரிமையைக் கைமாற்றும் எந்த ஏற்பாடும் சட்டப்படி செல்லாது, காணி அரசைச் சேரும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. தரகர் சொல்லும் 'வேறான ஒப்பந்தம்' இந்த மறைமுக ஏற்பாட்டுக்குள் அப்படியே வந்து விழுகிறது. பெயர் கொடுத்தவர் நல்லவராக இருந்தாலும், அவர் காலமான பின் அவருடைய பிள்ளைகள் அந்தக் காணியைத் தங்கள் தகப்பனின் காணி என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைப்பதற்குச் சட்டமும் துணை நிற்கும். இந்தச் சட்டத்தை அந்நியமானதாக நாம் எண்ண வேண்டியதில்லை. நம் இலங்கையிலும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது.

அப்படியானால் வழி என்ன? மருமகள் இந்தோனேசியக் குடிமகள் என்பதால் அவருடைய பெயரிலேயே வாங்கலாம். ஆனால் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அந்நாட்டுத் திருமணச் சட்டத்தின்படி, மணவாழ்க்கையில் தேடிய சொத்து கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானது. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான நமது தேசவழமையின் 'தேடிய தேட்டம்' என்பதற்கு மிக நெருங்கியது. பொதுச் சொத்தில் பாதி வெளிநாட்டுக் கணவனுடையது என்று ஆகும்போது, மனைவியின் 'ஹாக் மிலிக்' உரிமையே சிக்கலுக்கு உள்ளாகிறது. சொத்தைப் பிரித்து வைக்கும் திருமண ஒப்பந்தம் ஒன்று இதற்காகத் தேவை. முன்பு திருமணத்துக்கு முன்னர் மட்டுமே அதை எழுத முடிந்தது. 2016ஆம் ஆண்டு அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, மணவாழ்க்கையின் இடையிலும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதிவு செய்யலாம். அதற்கு முன், வெளிநாட்டில் நடந்த திருமணத்தை, நாடு திரும்பி ஓராண்டுக்குள் அங்கே பதிந்திருக்க வேண்டும். உங்கள் மகன் அதைச் செய்தாரா என்று இன்றே கேளுங்கள். முதல் வேலை திருமண ஒப்பந்தம், இரண்டாவதுதான் காணி. இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது.

மகன் பெயரிலேயே ஏதாவது வேண்டுமென்றால் 'ஹாக் பக்காய்' என்ற பாவனை உரிமை இருக்கிறது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி முதலில் 30 ஆண்டுகள், நீடிப்பாக 20, புதுப்பிப்பாக இன்னும் 30 ஆண்டுகள். ஆயினும் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாகாணம் தோறும் ஒரு குறைந்தபட்ச விலை விதிக்கப்பட்டுள்ளது. கிராமத்து வீடுகள் அந்த விலையின் பக்கத்திலும் வருவதில்லை. ஆகவே உங்களுக்கு அது உதவாது.

இனி, வாங்கப் போகும் காணியைப் பற்றி. காணி அலுவலகம் வழங்கிய சான்றிதழ் இருந்தால் வேலை இலகு. கிராமங்களில் பல காணிகளுக்குச் சான்றிதழ் இல்லை. கிழக்கு ஜாவாவில் 'பெத்தோக்' என்று ஒரு பழைய தாளைக் காட்டுவார்கள். அது வரி செலுத்தியதைக் காட்டும் தாளே தவிர, உறுதி அல்ல. அதற்கு இணையான பதிவு கிராம அலுவலகத்துப் பேரேட்டில் இருக்கும். அதையும் பார்க்க வேண்டும். இத்தகைய பழைய தாள்களுக்குரிய காணிகளை ஐந்து ஆண்டுகளுக்குள் பதிந்துவிட வேண்டும் என்றும், அதன் பின் அத்தாள்கள் உரிமைச் சான்றாகா என்றும் 2021 பெப்ரவரியில் வந்த அரச விதி சொல்லியிருக்கிறது. எனவே சான்றிதழ் இல்லாத காணியை, விற்பவரே பதிந்து முடிக்கும் வரை வாங்காதீர்கள். நெல்வயலாக இருந்தால் வீடு கட்ட முடியுமா என்பதும் தனிக் கேள்வி. உணவுப் பயிர் நிலங்களைக் காக்கும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. விவசாயக் காணியின் உரிமையாளர் அதே உப மாவட்டத்தில் வசிக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு முதல் ஒரு விதியும் இருக்கிறது. மருமகள் அங்கேயே இருப்பதால் இது பிரச்சினையாகாது. பிறகு குடும்பம் இடம் மாறினால் பிரச்சினையாகும்.

என் கதையையும் சொல்ல வேண்டும். நான் அந்த மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தேன். அங்கே வாடகையை மாதக் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் முன்பணமாகக் கொடுப்பதுதான் வழக்கம். நல்ல வீடு, பின்வளவில் மூன்று பனை, முற்றத்தில் மா. ஐந்து ஆண்டுக்கான பணத்தைச் சேர்த்துக் கொடுத்து, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளை வாங்கி வைத்தேன். மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது அவருடைய தங்கைகள் இருவர் வந்து, "இந்த வீட்டில் எங்களுக்கும் பங்கு உண்டு, எங்களை யாரும் கேட்கவில்லை" என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மை. தகப்பன் இறந்த பின் அந்த வளவு பிரிக்கப்படவே இல்லை. மூன்று ஆண்டுப் பணம் போனது. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திடாத உறுதியின் பெறுமதி என்னவென்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊர் மாறியதும் அந்த அறிவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் மனம் சுருக்கென்கிறது.

எனவே எல்லைக் காணிக்காரர் நால்வரையும் நிற்க வைத்து அளவெடுங்கள். அங்கே கதியால் வேலி குறைவு. ஒரு மூங்கில் புதரோ வாய்க்கால் வரம்போதான் எல்லையாக இருக்கும். அளவு சதுர மீற்றரில் இருக்கும். நமது ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைமாற்றம், அதற்கென அரசு நியமித்த உறுதி அலுவலர் முன்னிலையில் நடக்க வேண்டும். விற்பவர் விலையில் 2.5 வீதம் வரி செலுத்துவார். வாங்குபவர் விலக்கு எல்லைக்கு மேற்பட்ட தொகையில் 5 வீதம் வரை செலுத்த வேண்டும்.

தூபான் மாவட்டம் என்பதால் இன்னொன்றையும் விசாரியுங்கள். அங்கே சுமுர்கெனெங் என்ற கிராமத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காகக் காணிகள் பெறப்பட்டு, 2021ஆம் ஆண்டு நட்டஈட்டுப் பணத்தில் வரிசையாகப் புதிய கார்கள் வந்திறங்கிய காட்சி உலகம் முழுவதும் செய்தியானது. அடுத்த ஆண்டே, உழுவதற்கு நிலமும் இல்லை, எதிர்பார்த்த வேலையும் இல்லை என்று அவர்களில் சிலர் போராட்டத்துக்கு வந்தார்கள். நீங்கள் பார்க்கும் வளவு ஏதேனும் திட்டத்தின் வரைபடத்துக்குள் வருகிறதா என்பதைக் கிராமத் தலைவரிடமும் மாவட்ட அலுவலகத்திலும் கேட்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

பேரப்பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வளவு இறுதியில் அவர்களுக்குத்தான். 2006ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி அவர்கள் 18 வயது வரை இரட்டைக் குடியுரிமை வைத்திருக்கலாம், அதன்பின் மூன்று ஆண்டுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவருக்கு 'ஹாக் மிலிக்' காணி முதுசொமாக வந்தால், ஓராண்டுக்குள் அதைக் கைமாற்றியாக வேண்டும்.

கடைசியாக, நமது பக்கத்துக் காரியம். தேசவழமைக்குரிய காணியை விற்கும்போது பங்காளிகளின் முன்வாங்கும் உரிமை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது; அவர்களுக்கு அறிவித்தல் கொடுத்தீர்களா? காணி விற்ற பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டது. வங்கியில் எழுத்தில் பதில் பெறும் முன்பு ஆறு பரப்பையும் விற்றுவிட்டால், காணியும் இல்லாமல், அனுப்பவும் முடியாமல் பணம் கையில் நிற்கும். விற்பனை நாளைத் தள்ளிப் போடுங்கள். முதலில் நீங்களும் உங்கள் மனைவியும் சென்று, ஒரு மழைக்காலமாவது அந்த ஊரில் இருந்து பாருங்கள். எந்த வளவில் வெள்ளம் நிற்கும் என்பதை உறுதியில் எழுத மாட்டார்கள்.

கேள்வி: மகளின் பேறுகாலத்துக்காக மத்திய ஜாவாவில் மருமகனின் கிராமத்துக்குப் போகிறேன். மூன்று மாதம் இருக்க வேண்டும். நான் மரக்கறி மட்டுமே உண்பவள், தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. சமாளிக்க முடியுமா?
– தாய் ஒருவர், சாவகச்சேரி

பதில்: முடியும் அம்மா. உணவைப் பற்றிக் கலங்க வேண்டாம். சோறு மூன்று வேளையும் உண்டு. சோயா அவரையைப் புளிக்க வைத்துச் செய்யும் 'தெம்பே' அந்த நாட்டு ஏழையின் வீட்டிலும் இருக்கும், பொரித்தால் வாய்க்கு நன்றாக இருக்கும். அவித்த கீரையிலும் பயற்றங்காயிலும் நிலக்கடலைச் சம்பலை ஊற்றித் தரும் 'பெச்செல்' உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் சம்பலில் 'தெராசி' என்ற இறால் விழுது சேர்ப்பார்கள். அது கண்ணுக்குத் தெரியாது. "தெராசி வேண்டாம்" என்பதை அவர்களுடைய மொழியில் மகளிடம் எழுதி வாங்கி வைத்திருங்கள்.

போய்ச் சேர்ந்த அன்றே மருமகன் உங்கள் கடவுச்சீட்டின் பிரதியுடன் அயற்குழுத் தலைவரின் வீட்டுக்குப் போவார். 'எர்-தே' என்று அழைக்கப்படும் அந்தக் குழு, சில டசின் வீடுகளைக் கொண்டது. வெளியிலிருந்து வந்து தங்குபவரை 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று தெருமுனைகளில் பலகையே இருக்கும். நம் பிள்ளைகள் பதிவு, விசாரணை என்ற சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால் உங்களுக்கு நெஞ்சு படபடக்கலாம். அங்கே அது பெரும்பாலும் தேநீர் குடித்து முடியும் காரியம். இரவில் ஊர்க்காவல் இருப்பவர்களுக்கு உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

குளியலறையில் இடுப்பளவு சீமெந்துத் தொட்டியைக் காண்பீர்கள். அதற்குள் இறங்கக் கூடாது. கைப்பிடி போட்ட கோப்பையால் அள்ளி ஊற்ற வேண்டும். கிணற்றடியில் குளித்த நமக்கு இது புதிதல்ல. எதையும் இடக்கையால் கொடுக்காதீர்கள். குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

மொழியைப் பற்றி ஒன்று. சம்பந்தியம்மா உங்களை 'பெசான்' என்று அழைப்பார். சம்பந்தி என்பதற்கு அவர்களிடமும் தனிச் சொல் இருக்கிறது. கப்பலுக்குக் 'காப்பால்', பெட்டிக்குப் 'பெத்தி', கையில் உள்ள முதலுக்கு 'மோடால்' என்பார்கள். நோன்பு மாதத்துக்கு முன் 'அப்பெம்' சுட்டு அயல் வீடுகளுக்கு அனுப்புவார்கள். அது நமது அப்பந்தான், சொல்லும் நம்முடையதே. தட்டில் அப்பம் வந்தால், தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்பாதீர்கள். சாவகச்சேரியில் உங்கள் அம்மா என்ன செய்வாரோ அதையே செய்யுங்கள்.

விசா நாட்கள் தாண்டினால் ஒரு நாளுக்குப் பத்து இலட்சம் ரூப்பியா தண்டம். மூன்று மாதம் தங்குவதற்கு எந்த விசா வேண்டும் என்பதை முன்கூட்டியே விசாரித்து, எடுத்துக்கொண்டே புறப்படுங்கள்.

கேள்வி: இந்தோனேசியாவிலும் பனை இருக்கிறது என்கிறார்கள். நேரில் பார்க்க எங்கே, எப்படிப் போவது?
– பனந்தொழிலாளரின் மகன், அச்சுவேலி

பதில்: இருக்கிறது. நமது பனையேதான். கிழக்கு ஜாவாவில் 'சிவாலான்' என்றும், வேறு இடங்களில் 'லொந்தார்' என்றும் பெயர். தென்கிழக்கே ரோத்தே, சாவு என்ற சிறு தீவுகளில் மக்கள் பனஞ்சாற்றையும் அதைக் காய்ச்சிய பாணியையும் நம்பியே வறட்சிக் காலங்களைக் கடந்து வந்திருக்கிறார்கள். ரோத்தேயில் பனையோலையைக் குடையாக மடித்து 'சசண்டோ' என்ற நரம்பிசைக் கருவியும் செய்கிறார்கள். முதற் பயணத்துக்குத் தூபான் போதும். கொழும்பிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகச் சுராபாயாவுக்குப் பறந்து, அங்கிருந்து மேற்கே வடகரை வீதியில் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் பேரூந்தில் போக வேண்டும். நோன்புப் பெருநாளை ஒட்டிய வாரங்களைத் தவிருங்கள். நகரங்களில் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஊர் திரும்பும் காலம் அது. பேரூந்தில் நிற்கவும் இடமிராது.

தூபானுக்குக் கிட்ட வந்ததும் வீதியோரக் கொட்டில்களில் நுங்கும் 'லெகென்' எனப்படும் கருப்பணியும் விற்பார்கள். நாம் முட்டி கட்டும் இடத்தில் அவர்கள் மூங்கில் குழாய் கட்டுகிறார்கள். காலையிலேயே போய்க் குடியுங்கள். நேரம் செல்லச் செல்ல அது புளித்து 'துவாக்' ஆகிவிடும். உங்கள் தகப்பனாரின் பாளைக்கத்தியின் படம் ஒன்றைக் கைப்பேசியில் எடுத்துச் செல்லுங்கள். நான் அப்படி ஒரு படத்தைக் காட்டியபோது, மரத்தால் இறங்கிய முதியவர் ஒருவர் வார்த்தை ஏதும் பேசாமல் தன் இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.