சென்னைக் கடலில் ஓட்டும் சிறு படகுக்கு எந்த சார்ட் பிளாட்டர், எந்த மின்னணு வரைபடம் வாங்கலாம்?

காசிமேட்டில் 28 அடி ஃபைபர் படகு ஒன்றை வாங்கியிருப்பதாகவும், வடக்கே பழவேற்காடு வரையும் தெற்கே கோவளம் வரையும் தூண்டில் போடப் போக நினைப்பதாகவும், அதற்கு எந்த சார்ட் பிளாட்டரும் (படகு நிற்கும் இடத்தைக் கடல் வரைபடத்தின் மேல் திரையில் காட்டும் கருவி) வரைபடமும் பொருந்தும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் என் மைத்துனரும் பதினொரு ஆண்டுகளாக இதே கடலில் ஏறக்குறைய இதே அளவுள்ள படகை ஓட்டுகிறோம்; இதுவரை மூன்று கருவிகளை மாற்றியிருக்கிறோம். முதலில் வரைபடத்தைத் தேர்ந்தெடுங்கள், அது எந்தக் கருவியில் ஓடுமோ அந்தக் கருவியைப் பிறகு வாங்குங்கள் என்பதே என் பதில். திரையின் அளவையும் விலையையும் பார்த்துக் கருவியை வாங்கிவிட்டு வரைபடத்தைக் கடைசியில் தேடுபவர்கள்தான் அதிகம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம்.

எங்கள் முதல் கருவியை விற்றவர், "மேப் உள்ளேயே இருக்கிறது சார், தனியாக எதுவும் வேண்டாம்" என்றார். உள்ளே இருந்தது உலகம் முழுவதற்குமான அடிப்படை வரைபடம் மட்டும்தான் என்பது கடலில் இறங்கிய அன்றுதான் தெரிந்தது. அலைதடுப்புச் சுவரைக் கடந்து படகு வெளியே வந்துவிட்ட பிறகும், திரையில் எங்கள் படகின் குறி ராயபுரத்துத் தரையின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சுவரே திரையில் இல்லை, ஆழத்தைக் குறிக்கும் எண்களும் இல்லை. ஜிபிஎஸ் சில மீட்டர் துல்லியத்தில் சரியான இடத்தைத்தான் சொன்னது. அதற்கு அடியில் விரித்திருந்த வரைபடம்தான் தவறு.

வரைபட அட்டைகள் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானவை அல்ல. கருவி தயாரிக்கும் கார்மின் நிறுவனம் 2017இல் வரைபடம் தயாரிக்கும் நேவியானிக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. ஆனால் இன்னொரு வரைபட வகையான சி-மேப்பின் அட்டை கார்மின் கருவியில் ஓடாது. சி-மேப் அட்டையை லாரன்ஸ், சிம்ராட் கருவிகளும் ஃபுருனோவின் சில சிறிய கருவிகளும் ஏற்கும். ஆகவே வாங்குவதற்கு முன்பு கடைக்காரரிடம் இந்தியக் கடலுக்கான அட்டையைக் கருவியில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். காட்டுப்பள்ளியின் அலைதடுப்புச் சுவர்கள் திரையில் இல்லையென்றால் அந்த வரைபடம் பழையது. வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். நாங்கள் மூன்றாவது கருவியை வாங்கியபோது கடையிலேயே இதற்காக ஒரு மணி நேரம் நின்றோம்.

நம் கடலுக்கான அதிகாரபூர்வ வரைபடங்களைத் தயாரிப்பது டேராடூனில், கடற்படையின் கீழ் இயங்கும் தேசிய நீர்வரைவியல் அலுவலகம். பெரிய கப்பல்களில் வரைபடம் காட்டும் எக்டிஸ் கருவிகள் அந்த அலுவலகத்தின் மின்னணு வரைபடங்களை நேரடியாகப் படிக்கும். நம்மைப் போன்றோர் வாங்கும் சிறிய பிளாட்டர்களில் இருப்பவை தனியார் நிறுவனங்கள் தொகுத்து விற்பவை. அவை அச்சு வரைபடத்துக்கு மாற்றாக ஏற்கப்பட்டவை அல்ல. சென்னைப் பகுதியின் அச்சு வரைபடம் ஒன்று படகில் இருக்கட்டும். எங்கள் படகில் அது பிளாஸ்டிக் உறையில், இருக்கைக்கு அடியில் எப்போதும் இருக்கிறது.

எவ்வளவு நல்ல வரைபடமாக இருந்தாலும் நம் கரையோரத்தில் அதை ஓர் எல்லைக்கு மேல் நம்ப முடியாது. கரையை ஒட்டி வடக்கு நோக்கி நகரும் மணலைச் சென்னைத் துறைமுகம் தடுத்துவிட்டதால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போட்ட கற்சுவர்களான தூண்டில் வளைவுகள் எல்லாமே உங்கள் திரையில் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழவேற்காடு முகத்துவாரத்தின் மணல்திட்டோ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். ஒரு டிசம்பரில் வரைபடம் நல்ல ஆழம் காட்டிய வழியில் நாங்கள் மெதுவாக நுழைந்தபோது, எக்கோவில் (ஒலியை அனுப்பி ஆழத்தை அளக்கும் கருவி) எண் மூன்று மீட்டரிலிருந்து ஒன்றுக்கு இறங்குவதைப் பார்த்து மைத்துனர் இன்ஜினைத் தூக்கிவிட்டார். அன்று எங்களைக் காப்பாற்றியது எக்கோதான். அதன் பிறகு அந்த ஊர்ப் படகு ஒன்றின் பின்னால் அல்லாமல் நாங்கள் அங்கே நுழைவதில்லை.

திரையைச் சுருக்கிப் பார்ப்பதிலும் ஆபத்து இருக்கிறது. மின்னணு வரைபடத்தில் சிறு திட்டுகளும் பாறைகளும் ஓர் அளவுக்கு மேல் பெரிதாக்கினால்தான் தோன்றும். 2014 நவம்பர் 29 அன்று உலகைச் சுற்றும் பாய்மரப் பந்தயத்தில் இருந்த வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் முழு வேகத்தில் மோதியது. தேர்ந்த மாலுமிகள் அவர்கள். வழியைத் திட்டமிட்டபோது அவர்கள் பார்த்த அளவில் அந்தத் திட்டு திரையில் தெரியவில்லை. ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள். நீங்கள் போகும் வழி முழுவதையும் புறப்படுவதற்கு முந்தைய இரவே பெரிதாக்கி, விரலால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்துவிடுங்கள்.

கருவி கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் அமைப்பு, இருப்பிட எண்ணின் வடிவம். காசிமேட்டில் பாயின்ட்டுகளை, அதாவது மீன் கிடைக்கும் இடங்களின் இருப்பிட எண்களை, பெரும்பாலும் நோட்டுப் புத்தகத்திலிருந்து வாங்குவோம். ஒரு பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டு) 13 பாகை 5 நிமிடம் 30 விநாடி என்று ஒருவர் தந்ததை நான் 13 பாகை 5.30 நிமிடம் என்று பதிந்துவிட்டேன். 30 விநாடி என்பது 0.5 நிமிடம் ஆகையால், இடைவெளி 0.2 நிமிடம், அதாவது ஏறத்தாழ 370 மீட்டர். வெறும் மணல் தரையின் மேல் நங்கூரம் போட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பாயின்ட் வாங்கும்போது விநாடியா, தசம நிமிடமா என்று கேட்டு அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதேபோல் பெரியவர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள், கருவி மீட்டரில் காட்டும். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறு அடி, அதாவது 1.8 மீட்டர். இரண்டில் எது உங்கள் மனதில் ஓடுகிறதோ அதிலேயே கருவியை வையுங்கள்.

கருவியைப் பொறுத்தவரை, ஏழு அங்குலத்துக்குக் குறைந்த திரை வேண்டாம். சித்திரை வெயிலில் கண்ணாடி அணிந்துகொண்டு கடைக்கு வெளியே எடுத்துவந்து பாருங்கள். சில திரைகள் போலராய்டு கண்ணாடி வழியாகப் பார்த்தால் கறுத்துவிடும். தொடுதிரையோடு பொத்தான்களும் இருப்பது அவசியம். உப்பும் மீன் கொழுப்பும் படிந்த ஈர விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது.

எக்கோவுக்காக ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரைப் படகின் அடித்தளத்தில் துளையிடாமல் உட்புறமாகவே ஒட்டலாம், ஆனால் அந்த இடத்தில் ஃபைபர் முழுமையாக இருக்க வேண்டும். இடையில் ஃபோமோ பலகையோ இருந்தால் ஒலி கடக்காது. ஒட்டும் பசையில் காற்றுக்குமிழி நின்றாலும் அதே கதிதான். மின்சாரத்துக்குத் தனி பேட்டரி வையுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மின்னழுத்தம் இறங்கி எங்கள் இரண்டாவது கருவி ஒவ்வொரு முறையும் அணைந்து எரிந்தது; தனி பேட்டரி போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை.

பணம் மிச்சம் இருந்தால் பெரிய திரைக்குப் பதில் ஏஐஎஸ் ரிசீவர் (கப்பல்கள் தம் இடத்தையும் வேகத்தையும் ரேடியோவில் அறிவிப்பதைப் பிடிக்கும் கருவி) வாங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. மூன்று துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்கள் நாம் தூண்டில் போடும் இடங்களைச் சுற்றித்தான் நங்கூரமிட்டு நிற்கின்றன. 2017 ஜனவரி 28 அன்று அதிகாலையில் எண்ணூருக்கு வெளியே இரண்டு பெரிய கப்பல்களே மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியதை நாம் கரையில் நின்று வாளியால் அள்ளினோம். எந்தக் கப்பல் நம்மை நோக்கி எந்த வேகத்தில் வருகிறது என்று ஏஐஎஸ் திரையிலேயே காட்டிவிடும். ஏஐஎஸ் பொருத்தாத ஃபைபர் படகுகள் அதில் தெரியாது. இரவில் அவற்றுக்காக ஒருவர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும்.