ஓண விடுமுறையில் இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன கைவேலை?

கேள்வி: பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் குடியிருக்கிறோம். என் மகளுக்கு இரண்டே கால் வயது. ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் நாள் பிறந்ததும் என் கொழுந்தனாரின் பிள்ளைகள் வாசலில் அத்தப்பூக்கோலம் போடத் தொடங்கிவிடுகிறார்கள். இவள் ஓடிப்போய் நடுவில் உட்கார்ந்து அதைக் கலைத்துவிடுகிறாள். தூக்கி வந்தால் அழுகை. "பூவை மிதிக்க விடலாமா?" என்று மாமியார் கடிந்துகொள்கிறார். குன்றிமணி, மஞ்சாடி விதைகளைப் பசை வைத்து ஒட்டச் சொல்லலாம் என்றால், எதைக் கொடுத்தாலும் வாய்க்குத்தான் போகிறது. இவளுக்கு என்ன கைவேலை கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் அந்தக் குன்றிமணியைக் குழந்தை இருக்கும் வீட்டிலிருந்தே அப்புறப்படுத்திவிடுங்கள். பார்க்க அழகான அந்த விதைக்குள் கொடிய நஞ்சு இருக்கிறது. கடித்து மென்றால் அது வெளிப்பட்டு உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மஞ்சாடியின் சிக்கல் அதன் அளவு. மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளக்கூடிய பருமன் அது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கும்போது, ஏறத்தாழ 3.2 செ.மீ. விட்டமுள்ள ஒரு சிறிய உருளைக்குள் முழுவதுமாக அடங்கிவிடும் எதையும் ஆபத்தானது என்றே கணக்கிடுகிறார்கள். பொத்தான், பாசிமணி, கொட்டை எல்லாம் இதில் அடங்கும்.

பூக்கூடையையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். அரளியின் பூ, இலை, தண்டு அனைத்தும் நஞ்சு. கேரளக் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகளே 2024 மே மாதத்தில், கோயில் நிவேத்தியத்தில் அரளிப்பூ வேண்டாம் என்று முடிவெடுத்தன. செண்டுமல்லி, செம்பருத்தி, தும்பை ஆகியவை போதும். கடைப்பூவாக இருந்தால், மருந்து தெளித்திருக்கக்கூடும் என்பதால், நன்றாக அலசித் தண்ணீரை வடித்த பிறகே குழந்தையின் கையில் கொடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் மகள் கோலத்தைக் கெடுக்க வருவதில்லை; அண்ணன், அக்கா செய்யும் அதே வேலையில் தனக்கும் பங்கு கேட்டு வருகிறாள். ஆகவே, வேறொரு விளையாட்டைக் காட்டி அவளை உள்ளே அழைத்துப்போவதைவிட, அந்த வேலைக்குள்ளேயே அவள் வயதுக்குத் தக்க பங்கைப் பிரித்துக் கொடுப்பதுதான் பலன் தரும். அத்தப்பூக்கோலத்தில் அப்படி ஒரு பங்கு தயாராகவே இருக்கிறது. தினமும் காலையில் முந்தைய நாளின் வாடிய பூவை அள்ளிவிட்டுத்தானே புதுப்பூ இடுகிறோம்? அந்த அள்ளும் வேலையை இவளுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஒரு முறத்தைக் கொடுத்து, "பழைய பூவை எல்லாம் இதில் போடு தங்கம்" என்றால், கலைக்க வேண்டும் என்ற ஆசையும் தீரும், கூட்டிப் பெருக்குவதில் பாதியும் முடியும். வாடிய பூவை எடுப்பது வழக்கமான வேலை என்பதால் மாமியாருக்கும் மனத்தாங்கல் இராது.

இரண்டாவது வேலை, இதழ் பிய்ப்பது. செண்டுமல்லியை அடிக்காம்போடு முழுசாகக் கொடுத்தால் சின்ன விரல்களுக்குப் பிடி கிடைக்காது. பூவைக் குறுக்கே இரண்டாகப் பிளந்து, பச்சைப் பகுதியை நீங்கள் பிடித்துக்கொண்டு, இதழ்களை அவள் உருவும்படி விடுங்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பற்றும் இந்தப் பழக்கம்தான் பின்னாளில் பென்சில் பிடிக்க உதவும். ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிட்டால் விட்டுவிடுங்கள், அந்த வயதின் பொறுமை அவ்வளவுதான்.

பிய்த்த இதழில் அவளுக்கென்று ஒரு தனிக் கோலமும் போடலாம். விளிம்புள்ள தாம்பாளம் ஒன்றை எடுத்து, உப்பில்லாத சப்பாத்தி மாவைச் சற்றுத் தளரப் பிசைந்து, அதன் அடியில் கனமாகத் தட்டிப் பரப்புங்கள். அவள் இதழை வைத்து விரலால் அழுத்தினால் அது மாவில் ஒட்டிக்கொள்ளும். காற்றும் கலைக்காது, பசையும் வேண்டாம். கடையில் விற்கும் வண்ண மாவுக்கு மாற்றாக வீட்டில் செய்யும் உப்பு மாவை நான் பரிந்துரைக்க மாட்டேன், அதில் உப்பு மிக அதிகம், வாயில் போடும் பிள்ளைக்கு ஆகாது. மாவில் ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்தால் நிறம் வரும். அதே மஞ்சள் மாவில் துளி சமையல் சோடாவைக் கலந்து காட்டினால் செம்மண் நிறமாக மாறுவதைப் பார்த்து, மாமியாரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். வெற்றிலைச் சுண்ணாம்பிலும் நிறம் மாறும் என்றாலும், அது கண்ணைப் புண்ணாக்கிவிடும் என்பதால் வேண்டவே வேண்டாம்.

உங்கள் பக்கம் பலா மரத்துக்குப் பஞ்சமில்லை. உதிர்ந்த பழுத்த இலைகளாகப் பொறுக்கி வரச் சொல்லுங்கள். பச்சை இலையின் காம்பை ஒடித்தால் பால் வடிந்து கையெல்லாம் பிசுபிசுக்கும். ஓர் இலையின் மேல் இன்னோர் இலையைச் சிறிது ஏற்றி வைத்து, ஒடித்த காம்பையே ஊசியாகக் குத்திக் கோத்துக்கொண்டே போனால், மாவேலி (மகாபலி) மன்னருக்கு ஒரு கிரீடம் தயார். பொறுக்குவதும் இலையை எடுத்துத் தருவதும் அவள் வேலை, கோப்பது உங்கள் வேலை. தென்னை ஈர்க்கை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். தலையில் வைக்கும் பொருளில் ஈர்க்கின் முனை கண்ணுக்கு மிக அருகில் வந்துவிடும்.

கேள்வி: பேரனுக்கு இரண்டரை வயது. ஓணத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கைவேலைப் பெட்டியும், பேட்டரியில் எரியும் சிறு விளக்குகளும் வாங்கி வந்திருக்கிறேன். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: பெட்டியின் மேல் வயதுக் குறிப்பு இருக்கும். மூன்று வயதுக்கு மேல் என்றிருந்தால், அதை அறிவுத்திறன் பற்றிய குறிப்பாக எண்ணிவிடாதீர்கள். உள்ளே விழுங்கக்கூடிய சிறு பொருள்கள் உண்டு என்ற எச்சரிக்கை அது. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதால் அதையும் பாருங்கள். விளக்கைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். அதில் காசு போன்ற வட்ட பேட்டரி இருந்தால், மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று சோதியுங்கள். அந்த பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே திசுவை அரித்துப் புண்ணாக்கிவிடும். திருகாணி இல்லாத விளக்கைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விழுங்கிவிட்டானோ என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள்.