எதிர்பாராத இடத்தில் கடவுள் இருப்பதை உணர்ந்திருக்கிறீர்களா?

ஒரே ஒரு தடவை, அடுப்பங்கரையில், அரிசி டிரம் பக்கத்தில்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவ வீடுகளில் பிடியரிசி என்றால் தெரியும். சோற்றுக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள், கடவுளுக்கென்று. சேர்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு (சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வோம்) போகும். அம்மா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவாள். மாசக் கடைசியில் டிரம்மின் அடி தெரியும் நாளிலும் போடுவாள். "நமக்கே காணாதே" என்று சண்டை போட்டிருக்கிறேன். "இந்த ஒரு பிடியில யாருக்குல வயிறு நெறையப் போவுது, சும்மா கெட" என்பாள்.

அம்மா இறந்த பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை. கோபம்தான். ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) வீட்டுக்கு வந்து ஜெபித்தபோதுகூடக் கண்ணை மூடவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி, அப்பாவுக்கும் எனக்கும் இரண்டு உழக்கு அரிசி அளந்தேன். கை ஒரு பிடியை அள்ளி அந்த பாட்டிலில் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் கவனித்தேன். பாட்டில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அடியில் கிடந்தது அம்மா போட்ட அரிசி, வண்டு விழுந்து மாவாகியிருந்தது. மேலே கிடந்தது புது அரிசி.

"நீங்களா போட்டீங்க?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"நான் எங்கல சமைக்கேன்? பத்து நாளா நீதான் போடுத. பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

பெத்தேலில் தூங்கி எழுந்த யாக்கோபு சொன்னது அப்போது ஞாபகம் வந்தது: "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" (ஆதியாகமம் 28:16). எல்லோருக்கும் அவன் கனவில் கண்ட, வானத்தை எட்டிய ஏணிதான் நினைவிருக்கும். எனக்கு அந்த 'அறியாதிருந்தேன்'தான். அவன் ஒன்றும் ஜெபிக்கப் போனவன் கிடையாது, அண்ணனுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தவன். எம்மாவு என்ற ஊருக்கு நடந்த சீடர்கள் இரண்டு பேரும் (லூக்கா 24) அப்படித்தான். வழியெல்லாம் கூட வந்தவர் உயிர்த்தெழுந்த இயேசு என்று அப்பம் பிட்கும்போதுதான் அடையாளம் கண்டார்கள், கண்டதும் அவர் மறைந்துபோனார். அதனால் உட்கார்ந்து தேடினால் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடந்துபோன பிறகு திரும்பிப் பார்த்தால் தெரிகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்துச் சமையலறையில் இருந்த லாரன்ஸ் சகோதரர், பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் ஜெபவேளையில் போலவே கடவுளோடு இருந்ததாகச் சொன்னவர். அவருக்குச் சமையல் வேலை பிடிக்கவே பிடிக்காதாம். எனக்கு அதில் ஓர் ஆறுதல்.

வெறும் பழக்கதோஷம்தானே என்று சிலர் கேட்பீர்கள். இருக்கலாம். ஆனால் அது எனக்கு எப்போதும் இருந்த பழக்கம் இல்லை, அம்மாவோடது.

அரிசியைப் புடைத்து, வண்டு நீக்கி, அந்த ஞாயிறு அப்பாதான் கோயிலுக்குக் கொண்டுபோனார். நான் போக இன்னும் நாலைந்து மாதம் ஆனது.