மூழ்கிய ஊருக்கு எதற்குச் சாலை?

அன்புள்ள சார்,

மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது வட கரோலினாவில் பிரைசன் சிட்டி பக்கம் ஒரு மலைச்சாலைக்குக் கூட்டிப்போனான். வழியில் ஒரு பலகை: ‘எங்கும் போகாத சாலைக்கு நல்வரவு. காப்பாற்றாத வாக்கு, 1943 – ?’ ஒரு குகைப்பாதையோடு சாலை முடிந்துவிட்டது, அந்தப் பக்கம் வெறும் காட்டுப்பாதை. அணையில் மூழ்கிய ஹேசல் கிரீக் ஊர்களுக்கான சாலையாம். மூழ்கிய ஊருக்கு எதற்கு சார் சாலை?

எஸ்.ஆர்., திருச்சி

அன்புள்ள எஸ்.ஆர்.,

சரியான கேள்வி. ஹேசல் கிரீக் ஓடைக்கரையின் பெரிய ஊரான ப்ராக்டர் மூழ்கவே இல்லை. மூழ்கியது அதற்குப் போகிற சாலை.

ரிட்டர் என்ற மரக்கம்பெனி 1910 வாக்கில் வந்து, ரயில் விட்டு, மலையை மொட்டையடித்துவிட்டு 1928-ல் மூட்டை கட்டியது. அதன் காலத்தில் ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஊர் அப்போதே பெரும்பாலும் காலி. அதனால் எல்லாப் பழியையும் அணைமேல் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அப்புறம் போர். விமானத்துக்கு அலுமினியம், அலுமினியத்துக்கு மின்சாரம் என்று 1942 ஜனவரியில் தொடங்கி 1944 நவம்பருக்குள் 480 அடி உயர ஃபோன்டானா அணையைக் கட்டி முடித்தார்கள். 288-ஆம் எண் சாலை தண்ணீருக்குள் போனது. போர்க்காலத்தில் மாற்றுச் சாலை போடுவதைவிட ஆட்களைக் கிளப்புவது மலிவு என்று, நீர்மட்டத்துக்கு மேலே இருந்த சுமார் 44,000 ஏக்கரையும் வாங்கி தேசியப் பூங்காவோடு சேர்த்துவிட்டார்கள். போர் முடிந்ததும் சாலை உண்டு என்று 1943-லேயே எழுதிக் கொடுத்தாயிற்று. கிளம்பியவர்களுக்கு அந்தச் சாலை வேண்டியிருந்தது குடியிருக்க அல்ல, விட்டுவந்த கல்லறைகளுக்குப் போய்வர.

கொஞ்ச தூரம் போட்டு, நீங்கள் பார்த்த குகையையும் குடைந்து, வெட்டினால் அமிலம் கசிகிற பாறை என்று 1970-களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். பாறை விஷயம் உண்மைதான், ஆனாலும் சமயத்துக்கு நன்றாகவே கைகொடுத்தது. சாலைக்குப் பதில் 5.2 கோடி டாலர் என்று 2010-ல் ஸ்வெய்ன் கவுண்டியோடு (அந்தப் பகுதியின் மாவட்ட நிர்வாகம்) பேசி முடித்து, கடைசிப் பணம் 2018-ல்தான் வந்தது.

இன்றும் கோடையில் பூங்கா நிர்வாகமே குடும்பங்களைப் படகில் ஏரியைக் கடத்திவிடுகிறது. வயதானவர்கள் பிளாஸ்டிக் பூவும் சாப்பாட்டுக் கூடையுமாக ஏறி, நம்மூர் கல்லறைத் திருநாள் மாதிரியே புல்லைச் செதுக்கி, மண்ணை மேடாகக் குவித்து, பூ வைத்துப் பாடி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மாலைக்குள் படகுக்குத் திரும்பிவிட வேண்டும்.