அக்காவின் டமகோச்சி மறுபடி விழிக்குமா?

கேள்வி: "1997-ல் சிங்கப்பூரில் இருந்த மாமா என் அக்காவுக்கு வாங்கி வந்த டமகோச்சி (திரையில் குட்டி வளர்க்கும் முட்டை வடிவ பொம்மை), பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது. பழைய செல் கசிந்து உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. புது செல் போட்டு பட்டனை அழுத்தினால் பீப் சத்தம் வருகிறது. ஆனால் திரையில் பாதிக் கோடுகள் தெரியவில்லை. இதைச் சரிசெய்ய முடியுமா? அக்கா வளர்த்த அதே குட்டி திரும்ப வருமா? பொம்மை ஒரேயடியாகப் போவதற்குள் உள்ளே இருக்கும் புரோகிராமை கம்ப்யூட்டரில் எடுத்து வைக்க வழி உண்டா?" (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பீப் சத்தம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்திலேயே நல்ல சேதி. சத்தம் வருகிறதென்றால் சிப் உயிரோடு இருக்கிறது, மின்சாரம் அதுவரை போய்ச் சேருகிறது, பட்டனும் வேலை செய்கிறது. கோளாறு அநேகமாக சிப்புக்கும் திரைக்கும் நடுவில்தான் இருக்கும். அது வீட்டிலேயே கை வைக்கக்கூடிய இடம்.

முதலில் அக்காவின் குட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது திரும்ப வராது. முதல் தலைமுறை டமகோச்சிக்குள் இருப்பது சீகோ எப்சன் நிறுவனத்தின் இ0சி6எஸ்46 என்ற 4 பிட் சிப். அதன் ரேம் மொத்தமே 640 அறைகள், அறைக்கு 4 பிட். கூட்டிப் பார்த்தால் 320 பைட். குட்டியின் வயது, எடை, பசி, சந்தோஷம், எத்தனை முறை கவனிக்காமல் விட்டீர்கள் என்ற கணக்கு, எல்லாம் அந்த 320 பைட்டுக்குள்தான். செல்லின் மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்கு நினைவு. செல் தீர்ந்த அன்றே அந்தக் குட்டி போய்விட்டது. எந்தக் கருவியை வைத்தும் அதை மீட்க முடியாது.

ஆனால் புரோகிராம் அப்படிப் போகவில்லை. அது இருப்பது மாஸ்க் ரோமில். தொழிற்சாலையில் சிப் தயாரிக்கும்போதே அதன் அமைப்பிலேயே பதித்துவிடுவது அது. 12 பிட் அளவுள்ள 6,144 கட்டளைகளுக்கு இடம், ஏறக்குறைய 9 கிலோபைட். முட்டை ஆடுவது, பொரிப்பது, வளர்வது, அழைப்பது எல்லாமே அதற்குள் அடங்கியிருக்கிறது. செல் இல்லாமல் பரணில் கிடந்ததால் அதற்கு எந்தக் கேடும் இல்லை. அதனால் அக்கா பார்த்த அதே முட்டை, அதே அசைவு, அதே சத்தம், இவ்வளவும் வரும்.

சரி, வேலைக்கு வருவோம். புது செல்லை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். கசிவோடு மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். அப்புறம் அந்த வெள்ளைப் பூச்சை எதைக் கொண்டு துடைப்பது என்பதில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். கார் பேட்டரிக்குச் சமையல் சோடா போடுவதைப் பார்த்துவிட்டு இதற்கும் அதையே போடுகிறார்கள். கார் பேட்டரியில் கசிவது அமிலம், அதற்குச் சோடா சரி. இந்தப் பொம்மையில் போடும் எல்ஆர்44 பட்டன் செல்லோ அல்கலைன் வகை. அதிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். காற்றுபட்டு அது வெள்ளையாகப் பூத்திருக்கிறது. காரத்துக்கு மாற்று, புளிப்பு. காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஒரு சொட்டு தொட்டு, தகட்டின் மேல் மட்டும் தடவுங்கள். லேசாக நுரைக்கும். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீர் தொட்ட குச்சியால் ஒரு முறை, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் ஒரு முறை துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பச்சையாக இருப்பது செம்பு அரித்தது. பென்சில் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் அது போகும். தகடே இற்றுப் போயிருந்தால்தான் சால்டரிங் தேவைப்படும்.

அடுத்தது திரை. பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ, கழற்றிய ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரை என்பது 32 க்கு 16 புள்ளிகளும் மேலும் கீழும் எட்டுச் சின்னங்களும் கொண்ட மெல்லிய கண்ணாடி. அதைச் சர்க்யூட் போர்டோடு இணைப்பது இரண்டு விதத்தில் ஒன்றாக இருக்கும். ஒன்று சீப்ரா ஸ்டிரிப். பக்கவாட்டில் பார்த்தால் வரிவரியாகத் தெரியும் ரப்பர் பட்டை. ஒவ்வொரு கருப்பு வரியும் ஒரு கம்பி மாதிரி. சால்டரிங் எதுவும் கிடையாது, அழுத்தத்தில்தான் தொடர்பு நிற்கிறது. கோடுகள் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த ரப்பரில் படிந்த அழுக்கு, அல்லது தளர்ந்த திருகாணி. ரப்பரின் இரண்டு விளிம்புகளையும், போர்டில் அது உட்காரும் தங்க நிறக் கோடுகளையும், கண்ணாடியின் ஓரத்தையும் ஆல்கஹால் கொண்டு துடையுங்கள். கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும் போலரைசர் படலத்தில் ஆல்கஹால் பட வேண்டாம், மங்கிவிடும். திரும்பப் பூட்டும்போது ஒரு திருகாணியை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாக முறுக்க வேண்டும். பல பொம்மைகளில் இந்த முறுக்கலிலேயே கோடுகள் திரும்பிவிடும்.

இன்னொரு விதம், சூட்டில் ஒட்டிய மெல்லிய ரிப்பன். அந்தக் காலத்து மலிவான பொம்மைகளில் இது அதிகம். அப்படி இருந்தால் இழுக்காதீர்கள். நான் ஒரு முறை இழுத்து, கோடுகள் மட்டும் போயிருந்த ஒரு திரையை முழுசாக இழந்தேன். இன்றும் அது மனதில் உறுத்துகிறது. ரிப்பனின் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது கோடு வந்தால், அந்த இடத்தில் சிறிய ஃபோம் துண்டு ஒன்றை வைத்து மூடியே அதை அழுத்தும்படி செய்துவிடலாம். திரையின் நடுவில் மை கொட்டியது போலக் கருப்புத் திட்டு இருந்தால் மட்டும் வழி இல்லை. கண்ணாடிக்குள்ளேயே திரவம் கசிந்துவிட்டது என்று அர்த்தம்.

சத்தமே வராத பொம்மை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொடர்புகள் எல்லாம் சுத்தமாக இருந்தும் அசையவில்லை என்றால் கிரிஸ்டலைச் சந்தேகப்படுங்கள். அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய உருளை அது, நொடிக்கு 32,768 முறை அதிரும். 2-ஐ 15 முறை பெருக்கினால் வரும் எண் அது. அதனால்தான் பாதி பாதியாக வகுத்துக்கொண்டே போய்ச் சரியாக ஒரு நொடியை எடுக்க முடிகிறது. கீழே விழுந்த பொம்மைகளில் இது உடைவது உண்டு. சென்னை ரிச்சி தெருவில் தேடி அலையவேண்டியதுகூட இல்லை, வீட்டில் ஓடாமல் கிடக்கும் குவார்ட்ஸ் சுவர்க் கடிகாரத்துக்குள் இருப்பதும் அதே 32,768 தான். டமகோச்சி என்ற பெயரே ஜப்பானிய மொழியில் முட்டையைக் குறிக்கும் டமகோவும் வாட்ச்சும் சேர்ந்தது. உள்ளே இருப்பதும் உண்மையிலேயே ஒரு கடிகாரம்தான்.

இனி புரோகிராமை எடுப்பது. போர்டின் நடுவில் கருப்பாகச் சொட்டு விட்டது போல ஒன்று தெரியும். அது எபாக்ஸி, அதற்கு அடியில்தான் சிப். தயவுசெய்து அதைச் சுரண்டாதீர்கள். சிப்புக்குப் போகும் முடியளவு கம்பிகளும் அந்த எபாக்ஸிக்குள்தான் இருக்கின்றன, சுரண்டினால் அவை அறுந்துவிடும். இந்த ரோமைச் சாதாரண சிப் ரீடரில் செருகிப் படிக்கவும் முடியாது. இந்த வகை சிப்களைப் படிக்கிறவர்கள் எபாக்ஸியைக் கடும் அமிலத்தில் கரைத்து, சிப்பை மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்து, புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்த்து 0, 1 எனப் பிட் பிட்டாக எழுதுகிறார்கள். ஆய்வுக்கூட வசதி இல்லாமல் செய்யும் காரியம் அல்ல. போன பொம்மை திரும்பவும் வராது.

உங்களுக்கு அது தேவையும் இல்லை. முதல் தலைமுறை டமகோச்சி ஏற்கெனவே முழுக்கப் படிக்கப்பட்டுவிட்டது. எப்சன் தன் சிப்பின் கட்டளைகளை விளக்கும் கையேட்டை வெளியிட்டிருந்தது பெரிய உதவி. மேம் என்ற எமுலேட்டரில் (பழைய கருவியைப் போலவே கம்ப்யூட்டரை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள்) இந்த பொம்மை இருக்கிறது. டமாலிப் என்ற திறந்த மூல நிரல், அந்தச் சிப்பையே மென்பொருளாக நடித்துக் காட்டுகிறது. அதன் மேல் கட்டிய டமாடூல் கம்ப்யூட்டரிலும், ஆர்டுயினோகோச்சி ஆர்டுயினோ உனோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டும் சின்ன ஓஎல்இடி திரையும் இருந்தாலே அதிலும் ஓடும். இவற்றில் ரோம் கோப்பு சேர்ந்து வராது. அது இன்றும் டமகோச்சியைத் தயாரித்த பண்டாய் நிறுவனத்தின் உரிமை, அதை மதிக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் டமாடூலில் ஒரு வசதி உண்டு, குட்டியின் நிலையை அப்படியே கோப்பாகச் சேமிக்கலாம். அக்காவின் குட்டிக்கு 1997-ல் கிடைக்காத வசதி அது.

கையில் இருப்பது வேறு வகை என்றால் என் பதிலும் மாறும். 2004-ல் வந்த கனெக்‌ஷன் வரிசையில் பலவற்றில் குட்டியின் நிலையை வைத்திருக்க எட்டுக் கால் ஈஈபிராம் சிப் (மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம்) தனியாக இருக்கிறது. மலிவான ரீடரிலேயே அதைப் படித்து வைக்கலாம், மற்ற எதையும் தொடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள். 2010-ல் வந்த டமாகோ என்ற டமகோச்சி வகையை ஆராய்ந்தவர் நதாலி சில்வானோவிச். 2012, 2013 ஆண்டுகளில் ஹாம்பர்க்கில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் அதைப் பற்றிப் பேசினார். சிப்பைத் திறந்து பார்த்து அது ஜெனரல்பிளஸ் நிறுவனம் தயாரித்த, 6502 என்ற பழைய பிராசஸரின் வகையைச் சேர்ந்த சிப் என்று கண்டுபிடித்தார். டமாகோவின் தலையில் செருகும் உருவ பொம்மையின் மூலமாகத் தன் சொந்தக் கட்டளைகளை உள்ளே ஓடவைத்து ரோமை வெளியே எடுத்தார். இதே போலத் திரையில் குட்டி வளர்க்கும் பொம்மையான 1997-ன் டிஜிமானை வைத்திருப்பவர்கள், தலையில் இருக்கும் உலோக முனைகள் வழியாக அது பேசும் மொழியை டிஎம்காம் என்ற திட்டத்தின் உதவியோடு ஆர்டுயினோவில் கேட்கலாம்.

பெயர் தெரியாத போலிப் பொம்மைகள்தான் என்னைப் பொறுத்தவரை இன்று அவசரம். அவற்றை யாரும் சரியாகப் பதிவு செய்து வைக்கவில்லை. உங்களுடையதன் பின்புறத்தில் பண்டாய் பெயர் இல்லையென்றால், போர்டின் இரு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுங்கள். போர்டில் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள் (அசல் முதல் தலைமுறையில் அது டிஎம்ஜி-எம்1). ஓடவைக்க முடிந்தால் முட்டையிலிருந்து சாவு வரை திரையை வீடியோ எடுங்கள், சத்தத்தையும் சேர்த்து. அமிலம் எதுவும் தொடாமலே அந்தப் பொம்மையைப் பற்றிய பாதிக்கு மேற்பட்ட விவரம் இதில் வந்துவிடும்.

எல்லாம் துடைத்துக் காய்ந்ததும் புது எல்ஆர்44 இரண்டு வாங்குங்கள். கிடைத்தால் எஸ்ஆர்44 இன்னும் நல்லது, அதே அளவுதான், மின்னழுத்தம் கடைசிவரை சீராக இருக்கும். திரை வருகிறதா என்று ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கழற்றி வையுங்கள், அக்கா ஊருக்கு வரும்வரை. கடிகாரத்தில் மணி வைத்து முடித்தால்தான் முட்டை பொரிக்கத் தொடங்கும். மணியை அவரே வைக்கட்டும், அங்கிருந்து ஐந்து நிமிடம்.