ஏ பிளஸ் அணி எதிரே வந்து நின்றால்

வணக்கம் சார்,

ஹூப்ஸ் டைனஸ்டி என்ற ஆன்லைன் கூடைப்பந்து ஆட்டம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் நான் அந்த ஆட்டத்துக்குள் போனேன். மூன்றாம் டிவிஷனில் நான்கு சீசன், இரண்டாம் டிவிஷனில் ஐந்து சீசன் ஓட்டிய பிறகு இப்போதுதான் முதல் டிவிஷனில் ஒரு சின்னக் கல்லூரி கிடைத்தது. அதன் பிரெஸ்டீஜ், அதாவது கல்லூரியின் பெயருக்கு ஆட்டம் தரும் தரம், வெறும் சி; பெரிய அணிகளுக்கு ஏ பிளஸ். கல்லூரியிலிருந்து 60 மைல் தூரத்தில் ஒரு பாயிண்ட் கார்டு, அதாவது பந்தை எடுத்துப்போய் ஆட்டத்தை நடத்தும் பையன், இருந்தான். பந்தைக் கையாள்வதிலும் பாஸ் கொடுப்பதிலும் அப்படி ஒருவனை நான் பார்த்ததே இல்லை. ஆரம்பத்திலேயே ஸ்காலர்ஷிப் கொடுத்தேன். அனுமதித்த அளவு முழுக்க, 20 தடவை, வீட்டுக்குப் போனேன். கல்லூரிக்கு அழைத்து வந்து காட்டினேன். ஐந்து நாள் அவன் பட்டியலில் நான் மட்டும்தான் இருந்தேன். கடைசியில் 400 மைலுக்கு அப்பாலிருந்து ஒரு ஏ பிளஸ் அணி வந்தது. பையன் அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டான்.

பெயர் இருப்பவனுக்குத்தான் ஆள் கிடைக்கும், ஆள் இருப்பவன்தான் ஜெயிப்பான், ஜெயிப்பவனுக்குத்தான் பெயர் வரும் என்றால் நடுவில் என்னைப் போன்றவன் எங்கே நுழைவது? திரும்ப இரண்டாம் டிவிஷனுக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறேன்.

அன்புடன்,
எஸ். கே.

அன்புள்ள எஸ். கே.,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து நாள் தனியாக நின்ற இடத்தில் கடைசியில் இன்னொரு பெயர் ஏறுவதைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். அமெரிக்காவில் இரவில் நடக்கும் கணக்கின் முடிவை நாம் இங்கே காலைக் காபியோடு திறந்து பார்க்கிறோம், அன்றைய நாள் முழுக்க அது மனதில் ஓடும். எனக்கும் நடந்திருக்கிறது, அதனால் உங்கள் வருத்தத்தைச் சின்னதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இதை ஆடாதவர்களுக்காக இரண்டு வரி. இது ஆன்லைனில் ஆடும் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம். கல்லூரிகள் நிஜம், பையன்கள் கற்பனை. கோச்களில் பலர் எங்கோ உட்கார்ந்திருக்கும் நிஜ மனிதர்கள், ஆளில்லாத அணிகளைக் கணினியே பார்த்துக்கொள்ளும். பந்தை நாம் போடுவதில்லை, அதைக் கணினி நடத்திக்கொள்ளும். 12 பேர் கொண்ட அணியைச் சேர்ப்பது, பயிற்சி கொடுப்பது, யார் எத்தனை நிமிடம் ஆட வேண்டும் என்று தீர்மானிப்பது, இவைதான் நம் வேலை. அதில் முக்கால் பங்கு ஆள் சேர்ப்பதுதான்.

இப்போது உங்கள் கேள்வி. பிரெஸ்டீஜ் என்பதை நீங்கள் ஒரு பூட்டிய கதவு மாதிரி சொல்கிறீர்கள். அது உண்மையில் ஒரு எடைக்கல். நீங்கள் ஒரு பையனிடம் அக்கறை காட்டச் செலவிடும் கவனப் புள்ளி, போகும் ஒவ்வொரு வீட்டு விசிட், எல்லாவற்றையும் ஆட்டம் உங்கள் பிரெஸ்டீஜை வைத்துப் பெருக்கிப் பார்க்கிறது. அதனால் சி அணியின் 20 விசிட்டும் ஏ பிளஸ் அணியின் 20 விசிட்டும் ஒன்றாகாது. ஒரு பையனுக்கு இத்தனைதான் என்று வரம்பு இருப்பதால், அந்த வரம்பை இருவரும் தொட்ட பிறகு மிச்சமிருப்பது பிரெஸ்டீஜும், பையனின் விருப்பங்களும், நாம் கொடுக்கும் வாக்குறுதியும், கவனப் புள்ளிகளும்தான். பக்கத்து ஊர்ப் பையன் என்பதால் உங்களுக்குப் பயணச் செலவு குறைவு, சரி, ஆனால் தூரத்து அணியிடம் அந்தச் செலவைத் தாங்கப் பணம் இருந்தால் அந்த லாபம் அங்கேயே தீர்ந்துபோகிறது. ஆகவே ஏ பிளஸ் அணி முழு மூச்சாக இறங்கிய சண்டையில் நீங்கள் தோற்றது இயல்பான முடிவு. ஐந்து நாள் முன்னால் வந்தேன் என்பதற்கு மட்டும் அங்கே தனி மதிப்பெண் கிடையாது.

ஆனால் நீங்கள் எழுதாத மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். அந்தப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்தீர்களா? சொந்த ஊர்ப் பக்கம் இருக்க வேண்டும் என்பவன் ஒருவன், எனக்கு ஆட இடம் வேண்டும் என்பவன் ஒருவன், ஜெயித்துக்கொண்டிருக்கும் அணிதான் வேண்டும் என்பவன் ஒருவன், சரிந்து கிடக்கும் அணியைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று வருபவன்கூட உண்டு. வெற்றியும் பலமான கான்ஃபரன்ஸும் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழு) வேண்டும் என்பவனுக்கு 60 மைல் என்பது வெறும் தூரம்தான். இரண்டாவது, ஆரம்ப ஐவரில் இடம் தருவேன் என்று வாக்குக் கொடுத்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அந்த ஏ பிளஸ் அணியில் அந்த சீசன் எத்தனை இடம் காலி, அதில் பாயிண்ட் கார்டு இடம் உண்டா என்று அவர்கள் அணிப் பக்கத்தைத் திறந்து பார்த்தீர்களா? நானூறு மைலுக்குள் இருக்கும் பெரிய அணிகளில் யாருடைய பாயிண்ட் கார்டு கடைசி வருடத்தில் இருக்கிறான் என்று பார்க்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் உங்கள் சீசனைக் காப்பாற்றியிருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் டிவிஷனில் என் இரண்டாவது சீசன், நானும் சி தான். சுற்றுவட்டாரத்தில் நல்ல சென்டர்கள், கூடைக்கு அருகே ஆடும் உயரமான பையன்கள், இரண்டு பேர். ஒருவன் இப்போதே தயாராக இருந்தான், எல்லாருடைய கண்ணும் அவன் மேல். இன்னொருவன் பார்க்க ஒன்றுமில்லை, லோ போஸ்ட், அதாவது கூடைக்குப் பக்கத்தில் நின்று புள்ளி எடுக்கும் ஆட்டம், மோசம், ஃப்ரீ த்ரோ அதைவிட மோசம். அவனை முழுசாக ஸ்கவுட் செய்ய, அதாவது அவன் திறமையை ஆராய, வைத்திருந்த பணத்தில் கணிசமாகச் செலவானது, கடைசியான நான்காம் நிலை வரை போனேன். ரீபவுண்டிங் (தவறிய பந்தைப் பிடிப்பது), ஷாட் பிளாக்கிங் (எதிரி வீசும் பந்தைத் தடுப்பது) இரண்டிலும் வளர நிறைய இடம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வொர்க் எதிக், அதாவது உழைக்கும் குணமும், நன்றாக இருந்தது, அது இல்லையென்றால் எவ்வளவு இடம் இருந்தும் பயனில்லை. ஊர்ப் பக்கம் இருக்க வேண்டும், ஆட இடம் வேண்டும், இரண்டும் அவன் விருப்பத்தில் இருந்தன. ஆரம்ப ஐவரில் இடம் என்று வாக்குக் கொடுத்தேன். பி பிளஸ் அணி ஒன்று கொஞ்சம் எட்டிப் பார்த்தது, வாக்குறுதி எதுவும் தராமல் அரை மனதோடு நின்றுவிட்டது. பையன் என்னிடம் வந்தான். முதல் வருடம் அவனை வைத்து ஆடியதில் சில ஆட்டங்கள் கையைவிட்டுப் போயின, தெரிந்தேதான் போகவிட்டேன், வாக்கை மீறினால் பையன் அணியை விட்டே போய்விடுவான். மூன்றாம் வருடம் எங்கள் கான்ஃபரன்ஸில் அவனுக்கு மேல் யாரும் ரீபவுண்ட் எடுக்கவில்லை.

அப்போது பிடிபட்டதை உங்களுக்கும் சொல்கிறேன். பெரிய அணி முழு மனதோடு விரும்பும் பையனை நாம் ஜெயிக்க முடியாது. அது அரை மனதோடு விரும்பும் பையனை ஜெயிக்கலாம். சி அணியின் கோச்சுடைய வேலை அந்த அரை மனதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான்.

இது ஆட்டத்துக்குள் மட்டும் உள்ள விஷயம் இல்லை. கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டீபன் கரியை நினைத்துப் பாருங்கள். சார்லட்டில் வளர்ந்த பையன், அப்பா டெல் கரி வர்ஜீனியா டெக்கின் பழைய நட்சத்திரம். அந்தக் கல்லூரியே ஸ்காலர்ஷிப் தராமல், வேண்டுமானால் சொந்தச் செலவில் வந்து சேரட்டும் என்றது. மெலிந்த உடம்பு என்று பெரிய கல்லூரிகள் ஒதுங்கின. வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருந்த டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரியின் கோச் பாப் மெக்கில்லப் அவரை விடாமல் தொடர்ந்தார், முதல் வருடத்திலிருந்தே ஆட இடம் கொடுத்தார். 2008இல் டேவிட்சன் தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகள் வரை போய், அந்த வருடம் பட்டம் வென்ற கன்சாஸிடம் 57–59 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. ஊருக்குப் பக்கம், ஆட இடம், மெக்கில்லப் அளவுக்கு அவரை விரும்பாத பெரிய அணிகள். உங்கள் திரையில் இருக்கும் அதே மூன்று கட்டங்கள்தான்.

பெரிய அணிக்கும் தலைவலி உண்டு, அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். ஏ பிளஸ் கோச்சின் நல்ல பையன்கள் நான்கு வருடம் இருக்க மாட்டார்கள், பாதியிலேயே என்பிஏ என்ற தொழில்முறை லீக்குக்குக் கிளம்புவார்கள். 2015இல் கென்டக்கி 38 ஆட்டம் தோற்காமல் வந்து அரையிறுதியில் விஸ்கான்சினிடம் விழுந்தது, அந்தக் கோடையில் ஏழு பேர் என்பிஏ அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார்கள். ஹூப்ஸ் டைனஸ்டியில் இது இன்னும் வலிக்கும். ஆள் சேர்க்கும் பணமும் புள்ளியும் காலி இடத்தைப் பொறுத்துத்தான் கிடைக்கும், ஆனால் யார் பாதியில் போகிறார்கள் என்பது முதல் கையெழுத்துக் காலம் முடிந்த பிறகுதான் தெரியும். அதற்குள் நல்ல பையன்கள் பெரும்பாலும் போய்விட்டிருப்பார்கள். அப்போது அந்தக் கோச் தாமதமாகக் கையெழுத்துப் போடும் ஒன்றிரண்டு பேர் மேல் மொத்த பலத்தையும் கொட்டுவார். உங்கள் பையன் எப்போது கையெழுத்துப் போடும் ரகம் என்று பார்த்தீர்களா? தாமதமாக முடிவெடுப்பவனாக இருந்திருந்தால் நீங்கள் ஐந்து நாள் அவனைக் காவல் காத்தது அந்தப் பெரிய அணிக்காகத்தான். சீக்கிரம் முடிவெடுக்கும் பையன்கள் நமக்கு நல்லது, பெரிய அணிகள் கண்ணைத் திருப்புவதற்குள் அவர்கள் நம்மிடம் வந்துவிடுவார்கள்.

ஒரு இடத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஜெயிப்பதால் வரும் பிரெஸ்டீஜில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, கடந்த சில சீசனின் உழைப்பு அடுத்த பையனின் வீட்டு வாசலில் நமக்கு முன்னால் போய் நிற்பது நியாயம்தான். முதல் டிவிஷனில் ஒவ்வொரு கல்லூரிக்கும் நிஜ உலகத்தை வைத்து ஒரு அடிநிலை எழுதி வைத்திருக்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய பெயர் கொண்ட கல்லூரியை ஒரு கோச் பல சீசன் சீரழித்தாலும் அடிநிலை அதை மேலே இழுக்கும். சின்னக் கல்லூரியை நீங்கள் எத்தனை சீசன் தூக்கிப் பிடித்தாலும் அதே அடிநிலை கீழே இழுக்கும்.

நிஜ உலகம் அப்படி நின்றுவிடவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேனில் இருக்கும் கன்சாகா கல்லூரியைப் பாருங்கள். 1999இல் கடைசி எட்டு வரை போனதும் கோச் டான் மான்சன் மினசோட்டாவுக்குப் போய்விட்டார், நம் ஆட்டத்தில் நடப்பது போலவே. அவருக்கு உதவியாளராக இருந்த மார்க் ஃப்யூ பொறுப்பேற்றார், பெரிய வேலைகளுக்குப் போகாமல் அங்கேயே இருந்தார். அதே சின்ன கான்ஃபரன்ஸில் இருந்துகொண்டு வருடா வருடம் தேசியப் போட்டிக்குப் போனார்கள், 2017இலும் 2021இலும் இறுதி ஆட்டம் ஆடினார்கள். யூகானை, அதாவது கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள், கோச் ஜிம் கால்ஹூன் 1986இல் போனபோது கூடைப்பந்தில் அதற்குத் தேசிய அளவில் பெரிய பெயர் இல்லை. 1999 முதல் 2024 வரை ஆறு பட்டம். 1986இன் நிலவரத்தை வைத்து இவற்றுக்கு ஒரு அடிநிலை எழுதிப் பூட்டியிருந்தால் எவ்வளவு தப்பாக இருந்திருக்கும்! மனிதர்கள் பல வருடம், பல பத்து சீசன் உட்கார்ந்து ஆடும் ஓர் உலகத்தில், அந்த உலகத்துக்கென்று ஒரு வரலாறு உருவாகிவிட்டால் அதற்குத்தான் முதல் மரியாதை கொடுக்க வேண்டும். அடிநிலை நகர வேண்டும், மெதுவாகவாவது. இதை நான் நினைத்து நினைத்துச் சொல்கிறேன், பத்து சீசன் ஒரே சின்னக் கல்லூரியில் இருந்து உழைத்துவிட்டு, போகும்போது அது திரும்பப் பழைய இடத்துக்கே சறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அதனால் இரண்டாம் டிவிஷனுக்குத் திரும்பலாமா என்றால், வேண்டாம் என்பேன். அங்கே அடிநிலை வித்தியாசம் இல்லை, எல்லாரும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிறோம், அது சுகம்தான். ஆனால் ஒன்பது சீசன் உழைத்து வந்த இடத்தை ஒரு பையனுக்காக விட வேண்டாம். உங்கள் கான்ஃபரன்ஸில் மற்ற கோச்கள் யார் என்று பாருங்கள். அங்கே நான்கு பேர் நன்றாக ஆடினால் கான்ஃபரன்ஸின் பலமே ஏறும், எல்லாருடைய பிரெஸ்டீஜும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அவர்களோடு பேசுங்கள், காலி இடங்களைக் கணினிக் கோச் நிரப்பாமல் நல்ல ஆட்களைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் அடுத்த சீசன். உங்கள் அணியில் எத்தனை பேர் முடித்துப் போகிறார்கள் என்று எழுதவில்லை. நாலைந்து பேராவது இருந்தால் கையில் ஓரளவு பணமும் புள்ளியும் இருக்கும், அதை ஒரே பையன் மீது கொட்டாதீர்கள். பாதியை ஸ்கவுட் செய்யச் செலவழியுங்கள். நான்காம் நிலை வரை பார்த்த பத்துப் பேரின் பெயரை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவர் பக்கத்திலும் 400 மைலுக்குள் எந்தப் பெரிய அணிக்கு அந்த இடம் காலி என்று குறியுங்கள். யார் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுத முடியவில்லையோ அவனிடமிருந்து தொடங்குங்கள். ஆரம்ப ஐவரில் இடம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்தத் தாளை எனக்கும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.