பைத்தியத்தின் பேச்சு என்று தள்ளிவிடலாமா?

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்' கதை எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குப் பாடம். சுவர்த்தாள் ஆணாதிக்கத்தின் குறியீடு என்று குறிப்பு கொடுத்தார்கள். எனக்கோ அது ஒரு மனநோயாளியின் புலம்பலாகத்தான் தெரிகிறது. திகில் கதைகள் எழுதிய எட்கர் ஆலன் போவும் இதே ரகம்தானே? பைத்தியத்தைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபமான உத்தி இல்லையா?
– ஒரு மாணவர், திருநெல்வேலி

பதில்: வகுப்பில் சொன்னது போதாது, நீங்கள் சொல்வது சரியே இல்லை. முதலில், உடம்பு தேறட்டும் என்று கணவன் கதாநாயகியைக் கொண்டுவந்து வைத்திருக்கும் அந்த அறையைப் பாருங்கள்.

ஜன்னல்களில் கம்பி. சுவரில் வளையங்கள். கட்டிலைத் தரையோடு ஆணியடித்து இறுக்கியிருக்கிறார்கள். முன்பு குழந்தைகள் இருந்த அறை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். சுவரின் அடியில், தரையை ஒட்டி, அறையைச் சுற்றி ஓடும் ஒரு தேய்ந்த கறை கண்ணில் படுகிறது. யார் செய்தது, எதற்குச் செய்தது என்று அவளுக்கே புரியவில்லை. கதையின் முடிவில் அவள் தவழ்ந்து தவழ்ந்து சுற்றும்போது அவளுடைய தோள் அந்தக் கறையில் கச்சிதமாகப் பொருந்துகிறது. அப்படியானால் அதை உண்டாக்கியது அவளேதானா? அவளுக்கு முன்னால் அங்கே அடைபட்டுக் கிடந்த இன்னொருத்தியா? கில்மன் சொல்லவில்லை. 'ஆணாதிக்கம்' என்று ஒரே சொல்லில் விடை எழுதி மூடிவைத்தவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

அப்புறம், புலம்பல் என்கிறீர்களே. கணவன் ஜான் டாக்டர்; எழுதக்கூடாது என்பது அவன் உத்தரவு. அவன் காலடிச் சத்தம் கேட்டால் தாளை ஒளித்துவைக்கிறாள். அப்படித் திருட்டுத்தனமாக எழுதியதைத்தான் நாம் படிக்கிறோம். தொடக்கத்திலேயே அவள் தெளிவாகச் சொல்லிவிடுகிறாள்: மனதுக்குப் பிடித்த வேலையும் கொஞ்சம் மாற்றமும் கிடைத்தால் எனக்குச் சரியாகிவிடும். கதையிலேயே நிதானமான பேச்சு அதுதான். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

கில்மன் இதைக் கற்பனையில் மட்டும் பிடிக்கவில்லை. மகள் பிறந்த பிறகு மனச்சோர்வில் விழுந்தவர், 1887இல் பிலடெல்பியாவில் சைலஸ் வேர் மிட்செல் என்ற பிரபல மருத்துவரிடம் ஓய்வு சிகிச்சைக்குப் போனார். வீட்டோடு இரு, மூளைக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்காதே, உயிருள்ளவரை பேனாவைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினார் மருத்துவர். அதன்படி நடந்து சித்தம் கலங்கும் நிலைக்கு வந்தபோதுதான் அவர் மறுபடி பேனாவை எடுத்தார். கதை 1892இல் வெளியானது.

போ விஷயத்துக்கு வருவோம். 1840இல் அதே பிலடெல்பியாவில், மகளைக் கொன்ற ஜேம்ஸ் உட் என்பவருடைய வழக்கு நடந்தது. கொலைக்கு முன் அவர் காட்டிய அமைதி சித்தக்கலக்கத்துக்கு எதிரான சாட்சியாகாது, சாதகமாகவே இருக்கலாம் என்று போ பத்திரிகையில் எழுதினார். மூன்று வருஷம் கழித்து வந்த 'காட்டிக்கொடுக்கும் இதயம்' கதையில் பேசுகிறவனிடம் அதே அமைதிதான். ஒரு கிழவரின் கண் அவனை வாட்டுகிறது; அதற்காகவே அவரைக் கொல்லத் தீர்மானிக்கிறான். ஏழு இரவுகள் அவருடைய அறைக்குள் தலையை நீட்டி, லாந்தரைத் துளி திறந்து, ஒற்றைக் கீற்று வெளிச்சத்தை அந்தக் கண்மீது பாய்ச்சுகிறான். கண் மூடியிருப்பதால் கொல்லாமல் திரும்புகிறான். கிழவர்மேல் அவனுக்குக் கோபமில்லை, அந்தக் கண்தான் அவனுக்கு ஆகவில்லை. இவ்வளவு நிதானமாகக் காரியம் செய்கிறவன் எப்படிப் பைத்தியமாவேன் என்று நம்மிடமே கேட்கிறான். பேய் கிடையாது, பிசாசு கிடையாது. குரலை வைத்தே முழுக்கதையையும் நடத்திவிடுகிறார் போ. இதையா சுலபம் என்கிறீர்கள்?

கில்மனின் கதை வெளிவந்தபோது பாஸ்டன் டாக்டர் ஒருவர், இதைப் படித்தால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கும், எழுதியிருக்கவே கூடாது என்று கண்டித்தார். யாரையும் பைத்தியமாக்க எழுதவில்லை, பைத்தியமாகாமல் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று 1913இல் கில்மன் பதில் சொன்னார். எனவே பாடமாக இருக்கட்டும். உங்கள் பேராசிரியரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: சுவர்த்தாள் எதன் குறியீடு என்று பரீட்சையில் கேட்பதற்குப் பதிலாக, அவள் பேச்சை ஜான் எங்கெங்கே, எந்தச் செல்லப்பெயர் சொல்லி வெட்டுகிறான் என்று கேட்கலாம்.